கருவிக்குள் ஓர் எடைக்கல்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



என் ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு குழுக்கள் ஆர்டுயினோ உனோ பலகையில் எல்எம்35 உணரியைப் பொருத்தி அறை வெப்பநிலையை அளந்தன. ஒரு குழுவுக்கு 30 டிகிரி, மற்றதற்கு 32. சுவரிலிருந்த வெப்பமானி 30 காட்டியது. "நிரலில் ஏதோ தப்பு செய்திருக்கிறீர்கள்" என்று இரண்டாம் குழுவைக் கடிந்துகொண்டேன்.

"ரெண்டு குழுவுக்கும் ஒரே நிரல்தான் சார்" என்றாள் ஒரு மாணவி.

உணரிகளை மாற்றிப் பார்த்தோம். வேறுபாடு மாறவில்லை. மல்டிமீட்டரை வைத்தபோதுதான் புரிந்தது. ஒரு பலகைக்கு யுஎஸ்பி வழியே 5 வோல்ட் கிடைத்தது, மற்றதற்கு 4.7 வோல்ட்தான்.

கடைக்காரரின் எடைக்கல் தேய்ந்திருந்தால், தராசு எவ்வளவு நல்லதானாலும் சரக்கு கூடுதலாகவே தெரியும். அளவீட்டுக் கருவிக்குள் இருக்கும் எடைக்கல்தான் ஒப்பீட்டு மின்னழுத்தம். நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், உனோ தனக்கு வரும் மின்வழங்கலையே எடைக்கல்லாகக் கொண்டு, அதை 1024 பங்காக்கி ஒப்பிடும். நிரலோ அது 5 வோல்ட் என்றே கணக்கிடும். 30 டிகிரியில் எல்எம்35 தரும் 300 மில்லிவோல்ட், 4.7 வோல்ட் பலகையில் ஏறக்குறைய 32 ஆகிவிடும்.

இதற்குத் தீர்வு, மின்வழங்கல் ஏறி இறங்கினாலும் மாறாத தனிச் சில்லு. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: தொடக்கத் துல்லியம், வெப்பநிலையால் வரும் மாற்றம், ஆண்டுக்கணக்கில் வரும் நகர்வு. உனோவில் ஒரு பங்கு என்பதே ஏறக்குறைய 0.1 சதவீதம். ஆகவே 0.1 சதவீதத் துல்லியம் போதும். அதற்கு மேல் செலவிடுவது வீண். எல்எம்4040 சில்லில் 4.096 வோல்ட் வகை நமக்கு வசதி. ஒரு பங்குக்குச் சரியாக 4 மில்லிவோல்ட் என்பதால் மாணவர்களே மனக்கணக்காகப் போடலாம். அதற்குத் தொடரில் ஒரு மின்தடை வேண்டும். வெளி ஒப்பீடு என்பதை, அளக்கத் தொடங்கும் முன்பே நிரலில் அறிவித்துவிடுங்கள்; இல்லையேல் பலகை பழுதாகலாம்.

அதே மாணவி அடுத்துக் கேட்டாள்: "அந்த மல்டிமீட்டர் சரின்னு எப்படி சார் தெரியும்?"

அதற்குள்ளும் ஓர் எடைக்கல் உண்டு. அதை அதைவிடத் துல்லியமான ஒன்றோடு சரிபார்க்க வேண்டும். இப்படிப் படிப்படியாக ஏறினால், புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஜோசப்சன் மின்னழுத்தத் தரம் வரை போகும் என்று விளக்கினேன். பிறகு இரண்டாம் குழுவிடம், "தப்பு உங்களுடையது அல்ல, நான்தான் பார்க்காமல் சொல்லிவிட்டேன்" என்றேன்.

இப்போதெல்லாம் விடை மாறி வந்தால், மாணவரைக் கேட்கும் முன் கருவியைப் பார்க்கிறேன்.