செம்புக்கு விலை உண்டு, கண்ணாடிக்கு யார் பொறுப்பு?

(யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய இரும்பு வேலையில் இருக்கும் மலையகக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிழமையில் ஒருநாள்தான் உங்களுக்கு ஓய்வு. அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். பழைய டிவிப் பெட்டியை உடைத்துச் செம்பு எடுக்கிற வேலையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. இங்கே உள்ளவர்கள் ரீவி என்பார்கள், நாம் டிவி என்போம். உள்ளே இருக்கிற நஞ்சு இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அப்படிச் சொல்வது சுலபம், சொல்லிவிட்டு நாங்கள் பஸ் ஏறிவிடலாம், அடுப்பு எரிய வேண்டியது உங்கள் வீட்டில். 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டு 2015இல் எழுந்த கோரிக்கை 2021 மார்ச்சில்தான் வர்த்தமானிக்கு வந்தது. அந்த ஆறு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக் கடைகளுக்கும் வடக்குக்கும் போனார்கள் என்பது தோட்டப் பாடசாலை இடாப்பைப் புரட்டினால் தெரியும். அதற்கு முன்னரே, 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்கு வந்த நம் சனமும் இங்கே உட்கார்ந்திருக்கிறது. பழைய இரும்பு சேர்க்க முதல் வேண்டாம். ஒரு சைக்கிள், ஒரு சாக்கு, விடியற்காலையில் எழும்பும் மனது, அவ்வளவு போதும். அந்த வேலையை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம்.

குடாநாட்டில் இத்தனை பெட்டி டிவி எங்கிருந்து வந்தது என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. இங்கே அதோடு இந்தியாவின் தூரதர்ஷனையும் பிடிக்கலாம் என்பதால் கூரைக்கு மேலே உயரமான குழாய் நட்டு அன்டெனா கட்டினார்கள். 1990இல் மின்சாரம் நின்றது. பிறகு வருடக்கணக்கில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. டிவி பார்ப்பதென்றால் ஜெனரேட்டரும் மண்ணெண்ணெயும் தேட வேண்டும். போர் முடிந்து பாதை திறந்து, வெளிநாட்டுக் காசும் வர, தட்டை டிவி வந்தது. பெட்டி டிவி மேலே ஒரு பின்னல் துணியோடு கொஞ்ச நாள் மூலையில் இருந்தது, அப்புறம் விறகுக் கொட்டிலுக்குப் போனது, இப்போது படலைக்கு வெளியே வந்து நிற்கிறது. அங்கேதான் நம் ஆட்களின் சைக்கிள் நிற்கிறது.

சரி, அந்தப் பெட்டிக்குள் நமக்கு என்ன இருக்கிறது? படக்குழாயின் கழுத்தைக் கவ்விக்கொண்டு ஒரு சுருள் இருக்கும். நல்ல செம்பு அதில்தான். குழாயின் முகத்தைச் சுற்றிக் கறுப்பு நாடா சுற்றிய ஒரு வளையம் இருக்கும், கலர் டிவியில் மட்டும். அதைக் கண்டதும் சந்தோஷப்படாதீர்கள், பிந்தி வந்த பெட்டிகள் பலவற்றில் அது அலுமினியம். கத்தி நுனியால் ஒரு கீறு கீறுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், சிவந்தால் செம்பு. பழைய பெட்டி என்றால் டிரான்ஸ்போமர் ஒன்றும் கிடைக்கும். எல்லாவற்றையும் வழித்தெடுத்தாலும் ஒரு பெட்டியில் சில நூறு கிராம் செம்புதான். பெட்டியின் நிறையில் பாதிக்கு மேல் கண்ணாடி. கண்ணாடியை எந்தக் கடையும் வாங்குவதில்லை.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு இது உடனே விளங்கும். கிலோவுக்கு மட்டும் காசு என்றால் கை முற்றின இலைக்கும் போகும். எதை நிறுக்கிறார்களோ அதைத்தான் கை தேடும். இரும்புக் கடைக்காரர் செம்பை மட்டும் நிறுக்கிறார். அதனால் இருபது கிலோப் பெட்டியைக் கடை வரைக்கும் சுமந்துவந்து யாருக்கு என்ன லாபம்? வழியில் ஒரு பற்றைக்குள்ளே, ஒரு வெறுங்காணிக்குள்ளே வைத்துச் சுத்தியலால் ஓர் அடி, சுருளை உருவிக்கொண்டு கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு வருகிறோம். நாளைக்குத் திட்டு வாங்குவது "தோட்டக்காட்டான் வந்து குப்பை போட்டுவிட்டுப் போனான்" என்று நம் ஆள்தான். செம்பை வாங்கினவருக்கு ஒரு பேச்சும் இல்லை.

அந்தச் சுத்தியல் அடியைப் பற்றி இரண்டு வார்த்தை. படக்குழாய்க்குள்ளே காற்றே கிடையாது. வெளியே இருக்கிற காற்று ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ பாரமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. 21 அங்குலக் குழாயின் முகத்தில் மட்டும் அது ஒரு தொன்னைத் தாண்டும். அடித்தால் கண்ணாடி உள்ளே நொறுங்கி, அதே வேகத்தில் வெளியே தெறிக்கும். கண்ணைத்தான் முதலில் தேடும். இன்னொன்று, குழாயின் பக்கவாட்டில் வட்டமான ரப்பர் மூடி ஒன்று ஒட்டியிருக்குமே, டிவி ஓடும்போது அதற்குள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம். வயரைப் பிடுங்கின பிறகும் அது உள்ளே தங்கி நிற்கக்கூடும். அந்த மூடிக்குள்ளே விரலோ கம்பியோ விடக்கூடாது, டிவி திருத்துகிற ஆள் ஒருவரைக் கொண்டு அதை இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு கழுத்துச் சுருளை எடுக்கக் குழாயை உடைக்கவே தேவையில்லை. கழுத்து நுனியில் செருகியிருக்கும் சிறு பலகையைக் கழற்றி, கவ்வியின் திருகாணியைத் தளர்த்தி, ரப்பர் ஆப்புகளை எடுத்தால் சுருள் மெல்ல வழுகி வந்துவிடும். ஐந்து நிமிடம் கூடப் போகும், அவ்வளவுதான்.

இனி எரிப்பது. பின்னேரத்தில் வயர்க் கட்டைக் குவித்து, ரயர்த் துண்டு ஒன்றையும் போட்டு நெருப்பு வைக்கிறோம். கறுப்புப் புகை வருகிறது, பிளாஸ்டிக் போய்ச் செம்பு மிஞ்சுகிறது. அந்தப் புகையில் நுரையீரலை அரிக்கிற அமிலப் புகை இருக்கிறது, டயொக்சின் என்ற நஞ்சும் இருக்கிறது. செம்பு கிட்ட இருந்தால் டயொக்சின் இன்னும் கூடுதலாக உண்டாகும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நஞ்சை விடுங்கள், காசுக் கணக்கையே பாருங்கள். உரித்தெடுத்த பளபளப்பான செம்புக்கு ஒரு விலை, கருகி உடைகிற செம்புக்கு அதைவிடக் குறைந்த விலை. உலகச் சந்தையில் செம்பு ஒரு தொன் 10,000 டொலரைத் தாண்டியது 2024 மே மாதத்தில். அந்த விலையில் நம் கைக்கு வருவது கடைசித் துளி, அதையும் நாமே நெருப்பில் போடுகிறோம். தடித்த வயரைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். மயிர் போன்ற கம்பியை, பிசின் ஊற்றி இறுக்கின கறுப்புக் கட்டியை உரிக்க முடியாது. அதை எரிக்காமல் அப்படியே தனி வகையாக நிறுத்துக் கொடுங்கள். விலை குறைவுதான், ஆனால் அதற்காகப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் புகை போட வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு வருகிறோம். கலர்க் குழாயின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈயச் சேர்க்கை. பெரிய குழாய் என்றால் ஒன்றிலேயே கிலோக் கணக்கில் ஈயம். முழுக் கண்ணாடியாக இருக்கும்வரை அது சுலபத்தில் வெளியே வராது. நொறுங்கித் தூளாகி, மழையிலும் எரித்த சாம்பலிலும் ஊறும்போதுதான் பயம். மலையில் நமக்குப் பீலித் தண்ணீர் உண்டு, மேலே இருந்து ஓடி வரும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல், அதில் ஓட்டைகளும் குகைகளும். புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பாருங்கள், அந்தக் கல்லுக்குள்ளே தண்ணீர் எப்படி நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும். மேலே கொட்டினது கீழே இறங்க அதிக நேரம் எடுக்காது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். தோட்டம் என்றால் இங்கே வெங்காயமும் புகையிலையும் என்பது உங்களுக்குத் தெரியும்.

சுன்னாகத்தில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தது 2014 அளவில் பெரிய பிரச்சினையாக வெடித்தது. வீட்டுக் கிணறு இருந்தும் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2019 ஏப்ரலில், மின்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எண்ணெய் மிதக்கும், கண்ணுக்குத் தெரியும். ஈயம் மிதக்காது, மணக்காது, ருசியும் காட்டாது.

அது முதலில் போய்ச் சேருவது கிணற்றுக்குக்கூட இல்லை, நம் வீட்டுக்கு. தூள் படிந்த சட்டையோடு போய்ப் பிள்ளையைத் தூக்குகிறோம், கை கழுவாமல் சோறு பிசைகிறோம். ஈயத்துக்கு இந்த அளவு பரவாயில்லை என்று சொல்லக்கூடிய எல்லை ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளர்கிற மூளையைத்தான் அது பிடிக்கும். சீனாவில் குய்யு என்று ஓர் ஊர், நம்மைப் போலவே பழைய மின்சாமான்களை உடைத்துப் பிழைத்த ஊர். 2007இல் வெளிவந்த ஆய்வில் அங்கே 165 சின்னப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு, அந்தக் காலத்தில் ஆபத்தெல்லை என்று வைத்திருந்த அளவுக்கு மேலே ஈயம். ஆசிரியர் தொழிலில் இருக்கிற நமக்கு இதைப் படிக்கும்போது வேறு மாதிரி உறைக்கிறது. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று கடைசி வாங்கில் உட்கார வைக்கிற பிள்ளை எந்த முற்றத்தில் விளையாடினான் என்று எந்தப் பாடசாலையிலும் கேட்பதில்லை.

ஆகவே பிள்ளைகளை இந்த வேலைக்குள் விடாதீர்கள். பாடசாலை விட்டு வந்து வயர் உரிப்பது விளையாட்டு மாதிரித்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம். 2021 திருத்தத்தின்படி 16 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது, ஆபத்தான தொழிலுக்கு 18 வயதாக வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கிற தங்கைமார் கண்ணாடிப் பக்கமே போக வேண்டாம். வேலைச் சட்டையை வெளியே கழற்றித் தனியாகத் துவையுங்கள்.

இனிக் கடை முதலாளிமாரோடு பேச வேண்டியது. தினக்கூலிக்கு அவர்களுடைய கொட்டிலில் வேலை செய்கிறவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். "நீ நாட்கூலி, உனக்கு இல்லை" என்றால் நம்ப வேண்டாம், அது பொய். கண்ணில் கண்ணாடி பட்டால் நட்டஈடு கேட்கும் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது. விபத்து நடந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்பதைச் சரியாகச் சொல்லிப் பதிய வையுங்கள். "வீட்டில் விழுந்தேன் என்று சொல்லு" என்பார்கள். சொல்லாதீர்கள். தராசில் அரச முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மழை நாளில் கொழுந்துக்குத் தண்ணீர் என்றும் சாக்கு என்றும் கழித்த தராசுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இது புதுப் பாடம் இல்லை.

எல்லாவற்றையும்விட நாங்கள் முக்கியமாகக் கேட்கப் போவது ஒன்று. உடையாத முழுப் பெட்டிக்கு ஒரு விலை வேண்டும். செம்பின் நிறைக்குமேல், குழாய் முழுசாக வந்தால் அதற்கென்று ஒரு தொகை. அப்படி வந்தால் பற்றைக்குள்ளே யாரும் சுத்தியல் எடுக்க மாட்டார்கள். குழாயைக் கூரைக்குக் கீழே அடுக்கி, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப் பத்திரம் உள்ளவரிடம் ஒப்படைப்பது கடைக்காரர் பொறுப்பு. ஆபத்தான கழிவைக் கையாள அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று 2008 வர்த்தமானியிலேயே வந்துவிட்டது. சைக்கிளில் வருகிற தொழிலாளியிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்க முடியாது, செம்பை லொறியில் ஏற்றுகிறவரிடம்தான் கேட்க வேண்டும். லாபம் குறையும் என்பார்கள், கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

இளம் தம்பிமாருக்கு இடையில் ஒரு வார்த்தை. யாராவது தடித்த செம்புக் கேபிளைச் சுருட்டிக் கொண்டுவந்து இரவில் தந்தால் வாங்காதீர்கள். தொலைபேசிக் கேபிளும் மின்சாரக் கேபிளும் வெட்டுகிறவன் தப்பிவிடுவான், சாக்கோடு பிடிபடுவது நீங்கள். பித்தளை என்று நினைத்து ஷெல் கோது எதையும் தட்டவும் வேண்டாம். போர் நடந்த மண் இது, தட்டிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலாளிமாருக்கும் பிரதேச செயலாளருக்கும் சுற்றாடல் அதிகார சபைக்கும் கொடுக்கிற மனு எழுதி முடிந்துவிட்டது. கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேர் எழுதத் தெரியாத அம்மாமார் பெருவிரல் வைக்கலாம், பக்கத்தில் நம் பிள்ளைகள் பேரை எழுதிக் கொடுப்பார்கள். விலாசம் போடும்போது ஊர்த் தோட்டத்தின் லயன் இலக்கம் வேண்டாம், இப்போது குடியிருக்கிற இடத்தின் கிராம அலுவலர் பிரிவைப் போடுங்கள். வாடகை வீடு என்றாலும், கடைக் கொட்டிலிலேயே படுக்கிறீர்கள் என்றாலும் அதையே எழுதுங்கள். அடுத்த மாதம் பதில் வந்தாலும் வராவிட்டாலும் இதே இடத்தில் கூடுகிறோம். இந்த மாதம் நிறுத்த சிட்டைகளை எறியாமல் வைத்திருந்து கொண்டு வாருங்கள்.