இளைப்பாறிய பின்னும் ஒரு பணி

அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறும் நாளை எல்லோரும் நாட்காட்டியிற் குறித்து வைக்கின்றனர். அதற்கு அடுத்த நாட் காலையையோ எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முப்பதாண்டுகள் பாடசாலை மணியோசைக்கு எழுந்து நடந்தவருக்கு, மணி அடியாத அக்காலை மிக நீண்டதாய்த் தோன்றும்.

நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்க சேவையாளர் இளைப்பாறும் வயது 65 ஆக உயர்த்தப்பட்டது; அவ்வாண்டு முடியுமுன்னரே அது 60 ஆகக் குறைக்கப்பட்டது. இன்னும் சில ஆண்டுகள் உண்டென்று நம்பியிருந்த பலர், டிசம்பர் 31 ஆம் தேதியன்று ஒருங்கே வீடு திரும்பினர். ஆயத்தமின்றி வந்த ஓய்வு அது.

அவர்களுள் ஒருவர் என் நண்பர், அதிபராயிருந்தவர். முதற் சில மாதங்கள் நாள்தோறும் தம் பழைய பாடசாலைக்குச் சென்று, கேளாத ஆலோசனைகளை வழங்கி வந்தார். புதிய அதிபர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். ஆனால், ஆசிரியர்கள் எவர் சொற்படி நடப்பதென்று அறியாது தடுமாறினர். ஒருநாள் நண்பரே அதை உணர்ந்தார். அன்றோடு போக்கை நிறுத்தினார், பேச்சையும் குறைத்தார். நான் அஞ்சியது அந்த மௌனத்தைக் கண்டுதான்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியிலிருந்து 1882 இல் இளைப்பாறினார். அதன் பின்னரன்றோ 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்! சேர். பொன். அருணாசலம் அவர்கள் 1913 இல் இளைப்பாறிய பின்னரே, 1919 இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் றலைவரானார்.

"அவர்கள் பேரறிஞர், நாம் என் செய்வோம்?" என்றார் நண்பர். விடை, எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இருந்தது. இன்று வாரத்தில் இரண்டு காலைகள் அவர் அங்கே அமர்கின்றார். பிரதேச செயலகத்துக்குச் செல்லும் விண்ணப்பங்களை எழுத அறியாதோர்க்கு எழுதிக் கொடுக்கின்றார். நிலையம் வழங்குவது சிறு தொகையே. முதன்முறை அதைப் பெற்றபோது, தம் முதற் சம்பளத்தை நினைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

வேலையற்ற இளைஞர் பலர் இருக்க, ஓய்வூதியம் பெறுவோர் மீண்டும் உழைப்பது முறையோ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஓர் இளைஞனின் முழுநேரப் பதவியை முதியவர் பற்றிக்கொள்வது தகாது. ஆனால், ஓர் இளைஞனின் குடும்பத்தைத் தாங்கப் போதாத சிறு பணிகள் பல ஊர்தோறும் உள்ளன. சங்கக் கணக்குப் பார்த்தலும், நூலகத்தை மாலையிற் றிறந்து வைத்தலும், பின்தங்கிய பிள்ளைக்கு எழுத்தறிவித்தலும் அத்தகையன. இவை நமக்கு உரியன.

இன்னும் சில ஆண்டுகளில் நானும் சாவிக் கொத்தை ஒப்படைப்பேன். பதவியை விட்டுவிடுவது எளிது. அதன் குரலை விட்டுவிடுவதே அரிது. கட்டளையிட்டுப் பழகிய நா, "உமக்கு நான் என்ன செய்யலாம்?" என்று கேட்கப் பழகவேண்டும். அதை இன்றே பழகத் தொடங்குவோமாக.