மாணவர் விடுதியில் இடச் சிக்கனம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இலக்கியமும் இசையும் முழங்கவேண்டிய இம்மேடையில், கட்டிலின் அடியையும் டிரங்குப் பெட்டியையும் பற்றிப் பேச நமக்கு இடம் தந்த விழாக் குழுவினருக்கு முதற்கண் நன்றி. பொருள் சிறியதுதான். ஆயினும் ஆண்டுதோறும் ஆடி மாதம் வந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் எழும் கேள்வி இதுவே: விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தனுப்புவது, எதை வீட்டிலேயே நிறுத்திக்கொள்வது?

இதைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த நாம், எந்தக் கல்லூரி விடுதியிலும் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. ஆனால் இரண்டு வழிகளில் விடுதி அறைகள் நமக்குப் பழக்கமாயின. ஒன்று நம் தொழில். சாமானை எடை போடுவதும், இடம் ஒதுக்குவதும், ஏற்றி இறக்குவதும் அன்றாடம் நம் கண்முன் நடப்பவை. மற்றொன்று ‘லோக்கல் கார்டியன்’ என்னும் பொறுப்பு. டில்லி விடுதிகள் பலவற்றில் வெளியூர் மாணவருக்காக உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். தஞ்சையிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் பெற்றோர் அதற்கு யாரை நாடுவர்? டில்லித் தமிழரையே நாடுவர். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் அவ்வாறு கையொப்பமிட்டவர்களே.

இந்தத் துணை நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்திலிருந்து எழுத்து வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகளுக்கென 1923ஆம் ஆண்டு தொடங்கிய கல்வி முயற்சி, இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்திருக்கிறது. அவற்றுள் ஒன்று இம்மந்திர் மார்க்கிலேயே இருக்கிறது. படிக்க வந்த பிள்ளைக்கு இடம் தேடித் தருவது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற வேலையாகும்.

இனி, கணக்கைப் பார்ப்போம். கல்வி நிலையங்களைச் சார்ந்த விடுதியில் ஒருவர் தங்கும் அறைக்குக் கட்டட விதிகள் கூறும் குறைந்த அளவு 7.5 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 80 சதுர அடி. இருவர் தங்கும் அறை ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 சதுர அடி. ஆறடிக்கு மூன்றடியாக இரு கட்டில்கள் 36 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். மூன்றடிக்கு இரண்டடியாக இரு மேஜைகளுக்கு 12, இரண்டு அலமாரிகளுக்கு 9, நாற்காலிகளுக்கு ஐந்து. எஞ்சுவது 58 சதுர அடி, ஆளுக்கு 29. கதவு திறப்பதும், காலை நீட்டுவதும், நண்பன் வந்தால் உட்காருவதும் அதற்குள்ளேயே. இந்த 29 சதுர அடியில் நாம் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியும் ஐந்தாறு அடியை விழுங்குகிறது.

இது போதாது என்று தோன்றுகிறதா? இரயில் பெட்டியைப் பாருங்கள். 1955இல் தொடங்கப்பெற்ற பெரம்பூர்த் தொழிற்சாலையில் கட்டப்பட்ட பழைய வகைப் படுக்கை வசதிப் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர், அகலம் 3.25 மீட்டர். பரப்பு 69 சதுர மீட்டர். அதில் படுக்கைகள் 72. கழிப்பறையையும் நடைவழியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஆளுக்கு ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. ஆயினும் சென்னையிலிருந்து டில்லிக்கு ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவும் ஒரு பகலும், குழந்தை குட்டிகளுடன் நாம் வந்து சேர்கிறோம். எப்படி? அந்தப் பெட்டி மூன்று விதிகளால் நடக்கிறது.

முதல் விதி: ஒரு பொருள் இரு வேலை செய்யவேண்டும். நடுப் படுக்கை பகலில் முதுகுச் சாய்மானம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை படுக்கை. இரண்டாம் விதி: சாமானின் இடம் படுக்கையின் அடி. மூன்றாம் விதி: நடைவழியும் கதவும் எவருடைய சாமானுக்கும் இடமல்ல. ஒருவருக்கும் சொந்தமில்லாத அந்த வழியே எல்லோரையும் காக்கிறது. விடுதி அறைக்கும் இம்மூன்றே போதும்.

கட்டிலின் அடியை எடுத்துக்கொள்வோம். தரைக்கும் கட்டிலுக்கும் இடையே பதினைந்து அங்குல உயரம் இருந்தால் அங்குள்ள கொள்ளளவு 22 கன அடிக்கும் மேல். ஆறடி உயரமும் மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட இரும்பு அலமாரியின் கொள்ளளவு 27 கன அடி. ஆகவே ஒவ்வொரு மாணவனும் ஓர் அலமாரியின் மேல்தான் உறங்குகிறான். அதை அறியாமல் இன்னோர் அலமாரி வேண்டும் என்கிறான். அங்கே வைக்கும் பெட்டி உயரம் குறைந்ததாய், இழுக்கப் பிடியுள்ளதாய் இருத்தல் வேண்டும். இரயிலில் உடன் கொண்டுசெல்லும் பெட்டிக்கு விதித்த அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரம். அவ்வளவுள்ள பெட்டி கட்டிலின் அடியில் தாராளமாக நுழையும்.

அடுக்கும் முறைக்கும் பார்சல் வண்டியே ஆசான். முதலில் இறங்கவேண்டிய ஊரின் சாமான் கடைசியில் ஏறும், கதவருகே நிற்கும். கடைசி ஊரின் சாமான் முதலில் ஏறி உள்ளே போகும். மாணவனும் தன் உடைமைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். நாள்தோறும் வேண்டியவை மேஜைமேலும் கைக்கெட்டும் தட்டிலும். வாரத்துக்கு ஒருமுறை வேண்டியவை அலமாரியில். பருவத்துக்கு ஒருமுறை வேண்டியவை கட்டிலடியில், சுவர்ப் பக்கமாக. ஒவ்வொரு பெட்டியின் மூடியின் உட்புறத்திலும் உள்ளிருப்பவற்றின் பட்டியலை எழுதி ஒட்டிவைத்தால், ஒரு சட்டைக்காக மூன்று பெட்டிகளைக் கலைக்க நேராது.

சுவரையும் மறத்தலாகாது. மேஜைக்கு மேலே ஒரு சிறு தட்டு. அலமாரிக் கதவின் உட்புறத்தில் துண்டுக்கும் பைக்கும் கொக்கிகள். புத்தகங்களைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைக்கவேண்டும். நடப்புப் பருவத்துக்குரியவை மட்டும் அறையில் இருக்கட்டும். மற்றவற்றுக்கு நூலகம் இருக்கிறது. பயணத்தில் வாளி வெறும் வாளியாகப் போகவேண்டாம். செருப்பும் சோப்பும் அதனுள் போகட்டும். ஈரத் துணிக்குக் கொடி கட்டுவோர் நடக்கும் வழிக்குக் குறுக்கே கட்டாமல் சன்னலோரமாகக் கட்டவேண்டும்.

டில்லிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் ஊரில் ஒரு போர்வையோடு ஆண்டைக் கழிக்கலாம். இங்கோ குளிர்காலம் வந்தால் ரஜாய் இன்றி உறங்க இயலாது. அறையில் மிகுந்த இடத்தைக் கொள்வதும் அதுவே. குளிர் மாதங்களில் அதைப் பகலில் மடித்து உறையிலிட்டால் நல்ல சாய்மானமாகும். பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் நன்றாக உலர்த்தி, உலர்ந்த வேப்பிலையோடு பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலடிக்கு அனுப்பிவிடவேண்டும். மழைக்காலத்தில் சுவரும் தரையும் ஈரம் கசியும். ஆகையால் பெட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றி, சுவரை ஒட்டாமல் நாலங்குலம் விட்டு வைத்தல் நலம். தேங்காய் எண்ணெயைப் பெரிய பாட்டிலில் கொடுத்தனுப்பும் தாய்மாருக்கு ஒரு சொல்: டில்லிக் குளிரில் அது உறைந்து கல்லாகும். வாயகன்ற சிறு டப்பாவே உதவும்.

அறையில் மற்றொருவர் இருக்கிறார் என்பதையும் எண்ணவேண்டும். அவர் பஞ்சாபியாக இருக்கலாம், மணிப்பூரியாக இருக்கலாம். இருவர் மொழியும் வேறு. இருவருக்கும் அறை ஒன்றே. இஸ்திரிப் பெட்டி ஒன்று, துடைப்பம் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று போதும் என்று முதல் வாரத்திலேயே கலந்து பேசிக்கொண்டால் பாதிச் சாமான் குறையும். ஒருவர் உறங்கும்போது மற்றவர் மேஜை விளக்கில் படிக்கலாம். இடம் இல்லாத குறையைவிட, கேளாமல் எடுத்துக்கொண்ட இடத்தால் விளையும் மனக்கசப்பே பெரிது.

இப்போது பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். நாம் கையொப்பமிட்ட மாணவன் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று கேட்டு ஒரு முறை விடுதிக்குச் சென்றோம். பருப்புப் பொடி, ஊறுகாய், வடகம், முறுக்கு என்று டின்கள் வரிசையாக இருந்தன. நாற்காலிமேல் ஒரு மூட்டை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெட்டி. அன்பில் ஒரு குறையுமில்லை. ஆனால் நோயுற்ற பிள்ளையின் தலைமாட்டில் அமர்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஓர் ஆளுக்கு இடமில்லை. மூட்டையை வெளியே வைத்துவிட்டுத்தான் அமர்ந்தோம். தாயின் அன்பு டின்னாக வந்து, தாயைப் போல் வருபவருக்கு இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. படுக்கை வகுப்பில் கட்டணமின்றிக் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் எடை 40 கிலோ. அதற்குள் அடங்குவதே பிள்ளையின் அறைக்குள்ளும் அடங்கும் என்று கொள்ளுங்கள். பொடி தீர்ந்தால் மறுபடியும் அனுப்பலாமே!

அன்பர்களே, இடச் சிக்கனம் என்பது சாமானை மேன்மேலும் திணிக்கும் வித்தையன்று. இதை உணர்த்த நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் முகர்ஜி நகரில் பயிற்சி வகுப்புகள் நடந்த கட்டடம் ஒன்றில் தீப்பற்றியபோது, மாணவர்கள் சன்னல் வழியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், இங்கிருந்து மேற்கே சிறிது தொலைவிலுள்ள பழைய ராஜிந்தர் நகரில், பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறை நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். அந்த நிலவறைக்குக் கிடைத்திருந்த அனுமதி வண்டி நிறுத்தவும் பொருள் சேமிக்கவுமே. பொருளுக்குரிய இடத்தில் மனிதரை வைத்ததன் விளைவு அது.

நம் பிள்ளைகளின் அறையில் நாம் செய்வது அதன் மறுபுறம். மனிதருக்குரிய இடத்தில் பொருளை வைக்கிறோம். இரண்டும் தவறே. ஆகவே அறையில் நுழைந்தவுடன் முதலில் ஒதுக்கவேண்டியது கட்டிலிலிருந்து கதவு வரை, விளக்கணைந்த இருளிலும் தடுக்காமல் நடக்கத்தக்க வழி. பிறகு சன்னல் திறக்கும் இடம். பிறகு படிக்கும் மேஜை. அதன் பின் ஒரு நண்பன் உட்காரும் இடம். இந்நான்கும் போக எஞ்சியதே சாமானுக்கு. ஒரே மின்துளையில் பல கருவிகளைச் செருகுவதும், ரஜாய் அருகே ஹீட்டரை வைப்பதும் அறவே கூடாது. இடம் குறைந்த அறையில் நெருப்புக்குத் தொலைவு என்பது இல்லை.

இடம் மிச்சப்படுத்த நம் சங்கக் குடும்பங்களும் ஓர் உதவி செய்யலாம். கோடை விடுமுறையில் அறையைக் காலி செய்யச் சொல்லும் விடுதிகள் பல. அப்போது ரஜாயையும் வாளியையும் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகவும் முடியாமல், விட்டுச்செல்லவும் முடியாமல் மாணவர் தவிக்கின்றனர். நம் குவார்ட்டர்ஸ் வீடுகளும் பெரியவை அல்ல என்பது மெய்தான். ஆயினும் ஒரு வீட்டுக் கட்டிலின் அடியில் ஒரு மாணவனின் ஒரு பெட்டிக்கு இடமிருக்காதா? விருப்பமுள்ளோர் இன்றே செயலாளரிடம் பெயரைப் பதிந்துவைத்தால், வருகிற கோடையில் பல மாணவர்களின் சுமை குறையும்.

இம்மந்திர் மார்க்கில், வால்மீகி ஆலயத்தை ஒட்டி ஒரு சிறு அறை இருக்கிறது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் காந்தியடிகள் 214 நாட்கள் அங்கே தங்கினார். நாட்டின் விடுதலையைப் பற்றிய பேச்சுக்கள் நடந்த காலம் அது. தலைவர்கள் அவரைக் காண அங்கே வந்தனர்; அக்குடியிருப்பின் குழந்தைகளும் அவரிடம் பாடம் கற்க அங்கே வந்தனர். அவருடைய உடைமைகள் மிகச் சில. அதனால்தான் அந்தச் சிறு அறையில் அத்தனை மனிதருக்கு இடமிருந்தது. விடுதிக்குப் புறப்படும் இளைஞர்கள் ஒரு மாலைப்பொழுதில் சென்று அதைப் பார்த்துவிட்டுப் பிறகு பெட்டி கட்டலாம் என்பது நம் யோசனை.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் பெரியோர் வாக்கு. வீட்டுக்குச் சொன்னது பெட்டிக்கும் பொருந்தும்.