பக்கத்து வீட்டு நாயும் நம் வீட்டுத் தோட்டமும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். குடிநீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் பற்றி இங்கே பலமுறை பேசிவிட்டோம். நான் எடுத்துக்கொண்டிருப்பது, வீட்டுக்குள் எல்லோரும் பேசுகிற, கூட்டத்தில் யாரும் பேசாத விஷயம். பக்கத்து வீட்டு நாய் நம் தோட்டத்துக்குள் வந்து அசிங்கம் செய்துவிட்டுப் போகிறது. ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும். என்ன செய்வது?

சிலர் சிரிக்கிறீர்கள். காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வருகிற பெண்களைக் கேளுங்கள், சிரிக்க மாட்டார்கள். கீரைப் பாத்தியில் கையை விட்டுக் களை பிடுங்குகிறவர்களைக் கேளுங்கள்.

நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கடன் பிரிவில் சில வருடம் இருந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். தவணை தவறியவரிடம் முதல் மாதமே போய் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். 90 நாள் தாண்டிவிட்டால் அதற்குப் பெயர் வாராக்கடன். அப்புறம் நோட்டீஸ், வக்கீல், கோர்ட். அண்டை வீட்டு மனஸ்தாபமும் அப்படித்தான். முதல் வாரத்தில் ஐந்து நிமிடப் பேச்சில் தீர்வது, ஒரு வருடம் மனதில் ஊறிவிட்டால் ஐந்து பேர் உட்கார்ந்து பேசினாலும் தீராது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: சீக்கிரம் பேசுங்கள், நேரில் பேசுங்கள். நாயைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றிப் பேசாதீர்கள். மீதியெல்லாம் அதற்கான விவரம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இப்படி ஒரு நாயில்தான் ஆரம்பித்தது. இவர் வாயைத் திறந்து பேசவில்லை. கிடந்ததை அள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார். அவர் பதிலுக்கு, மதிலைத் தாண்டி வந்த மாங்கிளையை வெட்டினார். ஆறு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. ஒருநாள் ராத்திரி நாய் இல்லாத வீட்டுப் பெரியவர் குளியலறையில் விழுந்துவிட்டார். வீட்டில் அவர் மனைவி மட்டும்தான். பக்கத்து வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அந்தக் கதவைத் தட்ட அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. மூன்று தெரு தள்ளியிருந்த எங்களுக்குப் போன் செய்தார். நாங்கள் போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்த நாய் செத்துப்போய் அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நம் நகரிலும் பாதி வீடுகளில் வயதான இரண்டு பேர்தான் இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். ராத்திரி பதினோரு மணிக்கு ஓடி வரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முதலில், செய்தது அந்த நாய்தானா என்று பாருங்கள். மண்ணைப் பறித்து, செய்துவிட்டு மூடியிருந்தால் அது பெரும்பாலும் பூனை. மதில் மேலோ மொட்டை மாடியிலோ, பழ விதைகள் நிறையக் கலந்து கிடந்தால் மரநாய். பெயரில்தான் நாய், ராத்திரியில் மரமேறிப் பழம் தின்கிற பிராணி அது. தரைக்கு மேல் மூடாமல் கிடந்தால்தான் நாய். அதிலும் தெருநாயா, வீட்டு நாயா என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், இடம் எழுதி வையுங்கள். ஏழு வரி போதும். "எப்பவும் வருது" என்று சொல்வதற்கும், "திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரை மணி" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முதலாவது சண்டை, இரண்டாவது கணக்கு. கணக்கோடு யாரும் அதிகம் சண்டை போட முடியாது.

இரண்டாவது, இது வெறும் நாற்றப் பிரச்சினை இல்லை. மாட்டுச் சாணம் உரமாகிறதே, இது ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. நாயின் குடலில் இருக்கும் உருளைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். மலம் காய்ந்து காணாமல் போனாலும் முட்டை மண்ணில் இருக்கும். கை கழுவாமல் வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். நாயின் கொக்கிப்புழு வேறு வகை. அதன் குஞ்சுகள் ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாகவே நுழையும்; தோலில் கோடு கோடாக அரிப்பு வரும். நாய் மூத்திரம் மூலம் எலிக்காய்ச்சல் பரவவும் வழி உண்டு, முக்கியமாக மழைக்காலத்தில். ஆனால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. உருளைப்புழு முட்டை மண்ணில் விழுந்தவுடன் தொற்றாது. அதற்குச் சில வாரம் ஆகும். ஆகவே அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் பெரும் பகுதி ஆபத்து போய்விடும். அள்ளியதை வீட்டு உரத்தொட்டியில் போடாதீர்கள். அந்தச் சூட்டில் புழு முட்டை சாகாது.

மூன்றாவது, நம் பக்கத்தில் நாமே செய்யக்கூடியவை. நாய் மோப்பம் பிடித்துத்தான் அதே இடத்துக்குத் திரும்ப வருகிறது. எனவே அள்ளும்போது மேல் மண்ணையும் சேர்த்து ஒரு பிடி எடுத்துவிட்டு, தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சிமெண்ட் தரையானால் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு வினிகர் கலந்த தண்ணீர் விடுங்கள். பொலபொலவென்று காய்ந்த மண் நாய்க்குப் பிடிக்கும். செடிகளுக்கு நடுவே தேங்காய் மட்டை, சரளைக்கல் பரப்பினால் கால் வைக்கத் தயங்கும். கேட்டின் அடியில் இடைவெளி இருந்தால் கோழிவலை கட்டிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

உரத்தையும் கவனியுங்கள். எலும்புத் தூளும் மீன் கழிவு உரமும் நாயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. ஆமணக்குப் புண்ணாக்கு அதைவிட மோசம். நாய் ஆசையாகத் தின்னும், தின்றால் உயிருக்கே ஆபத்து. அந்தச் சாவுக்கு உங்கள் தோட்டம் காரணமாக வேண்டாம். மண்புழு உரம் போடுங்கள்.

செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். மிளகாய்த்தூள் தூவாதீர்கள், அது வதை, ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் கரைந்தும் போய்விடும். அந்துருண்டை நாய்க்கும் விஷம், அதை மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும் குழந்தைக்கும் விஷம். மூத்திரம் இருந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கொட்டினால் கண், மூக்கு எரியும் வாயு கிளம்பும், நமக்குத்தான் கெடுதல். வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் வைப்பவர்கள் பல பேர். நாய்க்கு நீல நிறம் நன்றாகவே தெரியும். அதற்காக அதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று இல்லை.

கோபத்தில் சிலர் வாய் தவறிச் சொல்லும் ஒன்று உண்டு: "ஒருநாள் மருந்து வெச்சுடறேன்." விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். மிருகத்தை விஷம் வைத்துக் கொல்வதோ முடமாக்குவதோ பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். அடிப்பதும் துன்புறுத்துவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அந்தச் சட்டம் வருவதற்கு மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம் சென்னை கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எப்படிப் பேசுவது?

அள்ளிய முறத்தோடு போகாதீர்கள். அவர் வீட்டில் விருந்தாளி இருக்கும்போது போகாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் போடவே போடாதீர்கள். முந்நூறு பேர் முன்னால் தலைகுனிய வைத்தவரிடம் பிறகு என்ன ஒத்துழைப்பு கிடைக்கும்? ஒரு மாலை நேரத்தில், மனம் அமைதியாக இருக்கும்போது போய், உள்ளே உட்கார்ந்து பேசுங்கள். நாயின் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். "உங்க நாய்" என்பதற்கும் "உங்க ராஜா" என்பதற்கும் கேட்பவர் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். உங்க ராஜா காலையில ஆறரை மணிவாக்குல எங்க கேட்டுக்குள்ள வந்து கீரைப் பாத்தியில போயிட்டு வந்துடுது. இந்த வாரம் நாலு நாள். பேரன் வெறுங்காலோட விளையாடறான். காலையில மட்டும் கயித்துல பிடிச்சுக்கிட்டுப் போக முடியுமா?"

இதில் என்ன இருக்கிறது பாருங்கள். நடந்தது, எத்தனை நாள், நமக்கு என்ன கஷ்டம், அவர் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். "நாய் வளர்க்கத் தெரியாதவங்க எதுக்கு வளர்க்கணும்" என்ற வாக்கியம் இதில் இல்லை. அதைச் சேர்த்தால் மற்றது எதுவும் அவர் காதில் ஏறாது.

"எங்க ராஜா அப்படிச் செய்யாதே" என்று பதில் வரலாம். வாதாட வேண்டாம். "இருக்கலாம் சார், இந்த வாரம் நீங்களும் பாருங்க, நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது நாய் வெளியே ஓடுவது பல வீட்டுக்காரர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. வேறு சில வீடுகளில் நாயை அழைத்துப் போவது வேலைக்கு வரும் பெண். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். முட்டிவலியால் நாயை இழுத்துப் பிடிக்க முடியாத பெரியவராக இருந்தால், தெருப் பையன் ஒருவனை ஏற்பாடு செய்து கொடுங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் தெரிந்தால், மறக்காமல் போய் நன்றி சொல்லுங்கள். குறை சொல்ல மட்டும் படியேறுகிறவரை யாரும் விரும்புவதில்லை.

நாய் வளர்ப்பவர்களுக்கும் சில வேண்டுகோள். நாய் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வெளியே போக நினைக்கும். சாப்பாட்டு நேரத்தை ஒழுங்கு செய்தால் வெளியே போகும் நேரமும் ஒழுங்காகும். கயிறு இல்லாமல் கேட்டைத் திறக்காதீர்கள். பழைய செய்தித்தாளும் ஒரு பையும் கையில் இருக்கட்டும். அள்ளியதை மழைநீர் வடிகாலில் தள்ளாதீர்கள். குடல்புழு மருந்தும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் காலத்தில் போடுங்கள். சென்னை மாநகராட்சி எல்லையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம்.

இரண்டு முறை பேசியும் பலன் இல்லை என்றால், தேதியிட்டு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு சங்கத்திடம் வாருங்கள். இருவரையும் உட்கார வைத்துப் பேசுவோம். கடைசியாகத்தான் உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவு. ஆனால் சங்கத்துக்கும் எல்லை உண்டு. நாய் வளர்க்கவே கூடாது என்று, பெரும்பான்மை வாக்கு இருந்தாலும், குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நாய் செய்ததை வளர்ப்பவர் சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வதும் அதே வழிகாட்டுதல்தான். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு தரப்புக்குப் பிடித்த பாதியை மட்டும் வாசிப்பது நம் வழக்கம்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். பூங்காவின் இரண்டு முனையிலும் மூடி போட்ட தொட்டி ஒன்றும், பழைய செய்தித்தாள் வைக்க ஒரு பெட்டியும் வையுங்கள். செலவு அதிகம் ஆகாது. அள்ளுங்கள் என்று சொல்வதற்கு முன் போடுவதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா?

கூட்டம் முடிந்ததும் வெளியே காபி இருக்கிறது. நீங்கள் பேச வேண்டிய அந்த ஒருவர் இதே கூடத்தில் உட்கார்ந்திருக்கலாம். 90 நாள் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.