பெரிய மணிக்கூண்டு வாயில்



'இல்வாய்' என்பதே 'வாயில்' என முன்பின்னாக மாறி வழங்குகிறது என்பர் இலக்கண நூலார். வீட்டின் வாய் வாயில், ஊருக்கும் அஃதே. வாய்க்கும் வாயிலுக்கும் உள்ள உறவைத் துயரத்தோடு உணர்த்தும் ஊர் ஒன்று பிரான்சின் மேற்குக் கடற்கரையில் உண்டு. அது லா ரொஷேல்.

அந்நகரின் பழைய துறைமுகத்திலிருந்து ஊருக்குள் நுழையுமிடத்தில் 'பெரிய மணிக்கூண்டு' என்னும் வாயில் நிற்கிறது. இடைக்காலத்தில் மதிலோடு எழுந்த அதற்கு இரு வழிகள் இருந்தன. பெரியது வண்டிகளுக்கு, சிறியது நடந்து வருவோர்க்கு. உப்பும் திராட்சை மதுவும் துறைமுக வழியே ஏற்றுமதியாகி ஊரைச் செழிக்கச் செய்தன.

புரோட்டஸ்டண்டு நெறியினரின் அரணாக விளங்கிய அந்நகரைப் பதின்மூன்றாம் லூயி மன்னனின் படை 1627இல் முற்றுகையிட்டது. அமைச்சர் ரிஷலியூ கடலின் குறுக்கே ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளத்திற்கு அணை எழுப்புவித்தார். உதவிக்கு வந்த ஆங்கிலக் கப்பல்களால் அதைக் கடக்க இயலவில்லை. துறைமுக வாயில் இருந்தும் உணவு வரும் வழி அடைபட்டது.

பசி முற்றியபோது முதியோரையும் பெண்டிரையும் சிறாரையும் நகரத்தார் மதிலுக்கு வெளியே அனுப்பினர். முற்றுகைக் காலத்தில் இத்தகையோரைப் 'பயனற்ற வாய்கள்' என்பது பிரெஞ்சு வழக்கு. அரசப் படையோ அவர்களுக்கு வழிவிடவில்லை. உள்ளேயும் இடமின்றி, வெளியேயும் வழியின்றி, இரு தரப்புக்கும் நடுவே பலர் மாண்டனர். 1628 அக்டோபர் 28 அன்று நகரம் பணிந்தபோது, ஏறத்தாழ 27,000 பேரில் எஞ்சியோர் 5,000 பேர் அளவினரே.

மன்னன் நிலப்பக்க மதிலை இடிப்பித்தான். துறைமுகப் பக்கத்தை விட்டுவைத்தான். ஆதலின் இவ்வாயில் பிழைத்தது. 1672இல் இரு வழிகளுக்கும் இடையிலிருந்த தடுப்பு நீக்கப்பட்டு ஒரே வளைவாயிற்று. 1746இல் மேற்பகுதி புதிதாகக் கட்டப்பெற்றது. காவலுக்கென எழுந்த வாயில் நேரம் காட்டும் அழகிய கட்டடமாக நிலைபெற்றது.

அரணின் சிறப்பை அதன் உயரத்தாலும் திண்மையாலும் அளப்பது உலக வழக்கு. உள்ளிருந்தோர் எளியவரை வெளியேற்றினர்; வெளியிருந்தோர் அவர்களைத் தடுத்தனர். இவ்விரண்டையும் எண்ணாமல் லா ரொஷேலின் அரணை அளத்தல் இயலாது. இன்று அவ்வளைவின்கீழ் எவரும் தடையின்றி நடக்கின்றனர். அவ்வழி முன்னரே எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டியது.