தொழில் மாறுதல் தோல்வியன்று

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அறிஞர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எம்மையும் பேசப் பணித்தனர் சங்கத்தார். இலக்கியம் பேசும் ஆற்றல் எமக்கில்லை. ஆதலின், நம் காலனி இல்லங்களில் கதவை அடைத்துக்கொண்டு பேசப்படும் ஒரு செய்தியைக் கதவைத் திறந்துவைத்துப் பேச விழைகின்றோம். கணினித் தொழிலிற் புகுந்து, சில ஆண்டுகளில் உடலும் உள்ளமும் சோர்ந்து, "இனி இத்தொழில் இயலாது" என்று வந்து நிற்கும் நம் பிள்ளைகளைப் பற்றியதே அது.

பெங்களூரு கணினி நகரமானது நம் பெற்றோர் கண்ணெதிரே நிகழ்ந்தது. 1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வித்திட்டது. 1983-இல் இன்போசிஸ் நிறுவனம் புணேயிலிருந்து இங்குப் பெயர்ந்தது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இங்குத் தன் கூடத்தை அமைத்தது. பின்னர் வந்தவை பல. ஆலையிலும் பணிமனையிலும் உழைத்த தந்தையர், தம் பிள்ளை குளிர்ந்த அறையில் அமர்ந்து தாம் வாங்கியதினும் பன்மடங்கு ஊதியம் பெறக் கண்டு பூரித்தனர். அப்பூரிப்பில் தவறில்லை. ஆனால் குளிர்ந்த அறையிலும் மனிதன் வெந்துபோகலாம் என்பதை நாம் அறியாதிருந்தோம்.

நிரல் எழுதுதல் நாற்காலியில் அமர்ந்து செய்யும் எளிய வேலை என்பர் சிலர். ஓர் எழுத்துப் பிறழினும் அனைத்தும் நின்றுவிடும் வேலை அது. பிழையைத் தேடுவோன் பற்பல செய்திகளை ஒருங்கே மனத்தில் ஏந்தியிருத்தல் வேண்டும். நமக்கு இரவாகும்பொழுது அமெரிக்கர்க்குப் பகல். அவர் அழைத்தால் நள்ளிரவிலும் விடை பகர வேண்டும். கற்ற கருவி சில ஆண்டுகளிற் பழையதாகிவிடும். மீண்டும் கற்க வேண்டும். இப்பொழுதோ எந்திரமே நிரல் எழுதத் தொடங்கிவிட்டது, அவ்வச்சமும் சேர்ந்துகொண்டது.

இச்சோர்வு வெறுஞ் சோம்பலன்று. ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர் 1974-இலேயே இதைப்பற்றி எழுதினார். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் இதனைத் தொழில் சார்ந்த நிலையென வரையறுத்தது. நோயென்று அது கூறவில்லை. நெடுநாள் தீராத பணி நெருக்கடியால் விளைவது என்றது. அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றிப்போதல், வேலையினின்றும் மனம் விலகிக் கசத்தல், செய்திறன் குறைதல்.

எம் துறையிலிருந்து ஓர் உண்மையைக் கூறுகின்றோம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் ஊழியர் வேலையைத் தரம் பிரிக்கின்றது. விட்டுவிட்டு வரும் வேலைக்கு வாரம் 75 மணி நேரமும், தொடர்ந்த வேலைக்கு 54 மணி நேரமும் வரம்பு. ஓய்வுக்கு இடமின்றி, இடையறாத கவனத்தையோ கடும் உடலுழைப்பையோ வேண்டும் வேலைக்கு 45 மணி நேரமே வரம்பு. தோழர்களே, கூர்ந்து நோக்குங்கள்! இடையறாத கவனத்தைக் கடும் உடலுழைப்புக்கு நிகராகச் சட்டம் வைத்திருக்கின்றது. சிந்தை களைத்தவன் கையில் வண்டிகளை ஒப்படைத்தல் ஆபத்தன்றோ!

கணினித் துறையிலோ, 2023-இல் இன்போசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி அவர்கள், இளைஞர் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்றார். 2024 ஜூலையில் வேலைநாளை 14 மணி நேரம் வரை நீட்டும் முன்மொழிவு இம்மாநிலத்தில் எழுந்தது. ஊழியர் சங்கத்தார் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். இடையறாத கவனத்துக்கு 45 எங்கே, 70 எங்கே?

எம் தமக்கையார் மகன் ஒன்பதாண்டு இத்தொழிலில் இருந்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டா. ஒருநாள் எம்மிடம் வந்து, "மாமா, வேலை கடினமென்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய்தாலும் மகிழ்ச்சி வரவில்லை. பிழை செய்தாலும் வருத்தம் வரவில்லை. அதுதான் அச்சமாயிருக்கிறது" என்றான். தமக்கையாரோ, "ஊராருக்கு என்ன சொல்வேன், தம்பி? பெண் கொடுப்பார் யார்?" என்று கலங்கினார். இருவர் துயரும் மெய்யே. அவன் உடனே வேலையை உதறவில்லை. காரை விற்றான், கடனைக் குறைத்தான், விடுமுறை நாட்களில் காலனிச் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். அதில் மனம் பொருந்துவதைக் கண்ட பின்னரே விலகி, ஆசிரியப் பயிற்சி பெற்றான். இன்று பள்ளியாசிரியன், ஊதியம் மூன்றில் ஒரு பங்கு. தமக்கையார் மனம் இன்னும் முழுதும் ஆறவில்லை. ஆயினும், "பிள்ளை இரவில் உறங்குகிறான்" என்று சொன்னவரும் அவரே.

தொழில் மாறுதல் இழிவென்போர் நம் குடிவழியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வடார்க்காட்டில் ஏர் பிடித்த கைகள் கோலாரில் பொன் சுரங்கம் தோண்டின. தண்டுப் பகுதிக்கு வந்த நம்மவர், 1884-இல் தோன்றிய பின்னி ஆலையில் நெசவு கற்றனர். அவர்தம் பிள்ளைகள், 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் ஐ.டி.ஐ.யும், 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்சும் எழுந்தபொழுது எந்திரத் தொழில் பயின்றனர். 2001 பிப்ரவரி 28-இல் பொன் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வூர் மக்கள் மாரிகுப்பத்தில் வண்டியேறி இந்நகருக்கு வந்து வேறு தொழில் தேடினர். நம் முன்னோர் தொழில் மாறாதிருந்தால் இந்நகரில் இச்சங்கமே இராது!

அண்மைக் காலத்திலும் சான்றுகள் உண்டு. மண்டியாவின் மதுசந்தன், அமெரிக்காவில் மென்பொருட் பொறியாளராயிருந்து தாயகம் திரும்பி, 2015-இல் இயற்கை வேளாண்மை விளைபொருளுக்கென 'ஆர்கானிக் மண்டியா' நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருள் துறையிலிருந்த கார்த்திக் சுப்புராஜ், குறும்படங்கள் எடுத்துப் பழகி, 2012-இல் 'பீட்சா' என்னும் திரைப்படத்தை இயக்கினார். இந்நகரின் பாரத் எலக்ட்ரானிக்சில் மின்னணு வாக்குப்பதிவு எந்திர ஆக்கத்தில் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதாவோ, பணியை விடாமலே எழுத்தையும் வளர்த்தார். இவர்கள் சோர்ந்து மாறினர் என்று யாம் கூறவில்லை. ஒரு வாழ்வில் இரு தொழிலுக்கு இடமுண்டு என்பதே யாம் காட்ட விரும்புவது.

இளைஞர்களே! ஓடும் வேகத்திலேயே எந்த வண்டியும் தடம் மாறுவதில்லை. 'பாயிண்ட்' சரியாக அமைந்து பூட்டப்படல் வேண்டும். வண்டியும் வேகம் தணிதல் வேண்டும். அவ்வாறே நீங்களும் முதலில் விடுப்பெடுத்து உறங்குங்கள். களைப்பில் எடுத்த முடிவு களைப்பின் முடிவேயன்றி உங்கள் முடிவன்று. வெறுப்பது தொழிலையா, அந்நிறுவனத்தையா என்று பிரித்தறியுங்கள். நிறுவனம் மாறினாலே தீரும் துயரமும் உண்டு. ஓராண்டுச் செலவுக்கேனும் பொருள் சேருங்கள். புதுத் தொழிலைச் சிறிதளவு செய்து பாருங்கள். உழவும் ஆசிரியமும் தொலைவிலிருந்து பார்ப்பார்க்கே எளியவை. மனம் தாங்காதபோது மருத்துவரை நாட நாணாதீர். நம் நகரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ளது. நடுவணரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

பெற்றோர்களே! பிள்ளை வந்து நிற்கும்பொழுது, "ஊரார் என்ன சொல்வர்?" என்பது முதற் கேள்வியாக வேண்டா. "உறங்கினாயா? உண்டாயா?" என்பது முதற் கேள்வியாகட்டும். கடன் கணக்கை இரண்டாவதாகப் பேசலாம்; கட்டாயம் பேசவும் வேண்டும். சம்பளத்தைச் சொல்லியே பிள்ளையை அறிமுகஞ் செய்யும் வழக்கத்தையும் விடுவோமாக. சம்பளம் குறைந்தால் அவன் தலைகுனிய வேண்டியதாகிறது.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். திங்களுக்கு ஒருமுறை, தொழில் மாற எண்ணும் இளைஞரும் தொழில் மாறித் தேறியோரும் நம் நூலக அறையில் கூடிப் பேச ஏற்பாடு செய்தல் வேண்டும். நாற்காலி போடவும் தேநீர்ச் செலவை ஏற்கவும் யாம் சித்தமாயிருக்கின்றோம்.

 வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!