தடவும் கைக்கு ஒரு தகுதிச் சான்று
(ஆண்டு விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றியோ காப்பியச் சுவையைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இவ்வாண்டு நம் பிள்ளைகளின் பிழைப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் எடுத்துக்கொண்ட பொருள் தடவுத் தொழில். எண்ணெய் தடவி, உழிந்து, உடம்பை நேராக்கும் இத்தொழிலைக் கற்றவர்க்கு இன்று என்னென்ன வழிகள் உள்ளன, அவ்வழிகளில் செல்வதற்கு எது வேண்டும் என்பதே என் பேச்சு.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் எல்லையோரத்து ஊர்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி வைத்தியத்தில் விழவில்லை. கை முறிந்தவனும் கால் பிசகியவனும் அக்கோட்டைப் பாராமல் ஆசான் வீட்டைத் தேடிச் செல்லும் வழக்கம் இன்றும் இங்கே உண்டு.

தென்முறைக் களரியில் அடிக்கக் கற்பித்த ஆசானே, அடிபட்டவனை எழுப்பவும் கற்பித்தார். வர்மங்கள் நூற்றெட்டு, அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. மயங்கி விழுந்தவனை மீட்கத் தொடும் இடங்களுக்கு அடங்கல் என்று பெயர். மீட்ட பின்னர்க் காயத்திருமேனி முதலிய தைலங்களை இட்டுத் தடவுவர். வடமொழிச் சுசுருத நூல் கூறும் மர்மங்கள் 107. தமிழ் வர்ம மரபும் மலையாள ஆயுர்வேத மரபும் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த நிலம் இது. இருந்தும், ஆசான் வீட்டுப் பிள்ளையே இத்தொழிலை விட்டு விலகுகிறான். ஏன்? ஒன்று சட்டம், மற்றொன்று கூச்சம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஊர், ஆசானின் கையை நம்புகிறது. சட்டமோ படிப்பையும் பதிவையும் கேட்கிறது. 1953-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சி மருத்துவர் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கில், அங்கீகாரம் பெற்ற தகுதி இல்லாத பரம்பரை வைத்தியர்கள் மருத்துவம் செய்ய உரிமை இல்லை என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தையின் பெயர்ப்பலகை மகனுக்கு இனித் துணையாகாது. இதனால் எல்லாக் கதவும் அடைபட்டது என்று சிலர் சோர்ந்தனர். அஃது அப்படியன்று. மருத்துவர் நோயறிந்து விதிக்க, விதித்தபடி செய்து முடிக்கும் கைகள் வேண்டுமன்றோ? பிழிச்சிலுக்கும் கிழிக்கும் தாரைக்கும் கைகளே கருவி. உழிச்சிலுக்குப் பலகையின் இருபுறமும் இருவர் நின்று ஒரே தாளத்தில் கை ஓட்ட வேண்டும். அக்கைகளுக்கு உரிய பதவியே தெரபிஸ்ட் என்பது.

அடுத்தது கூச்சம். "தடவுக்காரன்" என்று சொல்லும்போது சிலர் உதட்டில் ஓர் ஏளனம் தோன்றுகிறது. இவ்வேளனம் நமக்கு மட்டும் உரியதன்று. லண்டன் மாநகரில் 1894-இல், மசாஜ் என்ற பெயரால் நடந்த சில தீய விடுதிகளால் தொழிலுக்கே இழிபெயர் வந்தது. அப்பொழுது ரோசலிண்ட் பேஜட் அம்மையாரும் வேறு மூன்று பெண்மணிகளும் பயிற்சி பெற்றோர்க்கு ஒரு சங்கம் கண்டனர், தேர்வு வைத்தனர், ஒழுக்க விதிகள் வகுத்தனர். 1920-இல் அச்சங்கம் அரச சாசனம் பெற்றது. இன்று பிரிட்டனில் பிசியோதெரபி வல்லுநர்களின் பெருஞ்சங்கமாக விளங்குவது அதுவே. ஜப்பானிலோ, பார்வையற்றவரான சுகியாமா வாயிச்சி பதினேழாம் நூற்றாண்டிலேயே பார்வையற்றோர்க்கு ஊசி மருத்துவமும் அங்கமர்த்தலும் கற்பிக்கும் பள்ளிகளை அமைத்தார். இக்கலைக்கு அந்நாட்டில் இன்று அரசுத் தேர்வும் உரிமமும் உண்டு. ஏளனத்தை இவர்கள் சொற்போரால் வெல்லவில்லை. பயிற்சியாலும் ஒழுங்காலும் வென்றார்கள்.

இனி நம் பிள்ளைகளுக்குள்ள வழிகளைக் கூறுகிறேன்.

முதல் வழி அரசின் ஓராண்டு ஆயுர்வேத தெரபிஸ்ட் சான்றிதழ்ப் படிப்பு. கேரள அரசின் ஆயுர்வேதக் கல்லூரிகளில் இது நடைபெறுகிறது. நமக்கு அண்மையில் உள்ளது 1889-இல் பாடசாலையாகத் தோன்றிய திருவனந்தபுரம் ஆயுர்வேதக் கல்லூரி. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். நானும் அவ்வளவே படித்தவன். ஆகவே அந்த ஒரு தேர்ச்சி எத்தனை கதவுகளைத் திறக்கும் என்பதை நன்கு அறிவேன். இப்படிப்பை முடித்தவர்க்கு மருத்துவமனைகளில் வேலை உண்டு. அரசுப் பதவிகளுக்குத் தேர்வாணையமும் அவ்வப்போது விளம்பரம் செய்கிறது. மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் இங்கே பெருந்துணை.

இரண்டாவது வழி கடற்கரை. கோவளம் முதல் சொவ்வரை, பூவாறு வரை ஆயுர்வேத விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமே தடவ வேண்டும் என்பது சுற்றுலாத் துறை அங்கீகார விதி. ஆதலின் பெண்களுக்கும் அங்கே உறுதியான இடம் உண்டு. ஆனால் அது பருவகாலத் தொழில். கர்க்கடக மாதத்தில் உள்ளூர்க்காரரும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டாரும் வருவர். இடையில் கை ஓய்ந்திருக்கும். சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஓய்வு மாதங்களில் சம்பளம் உண்டா? வருங்கால வைப்புநிதி பிடிப்பார்களா? இ.எஸ்.ஐ. அட்டை கிடைக்குமா? பதில் எழுத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது வழி தாய்மார்களுக்கு உரியது. பிள்ளை பெற்ற வீட்டிற்குச் சென்று தாய்க்கும் சேய்க்கும் எண்ணெய் தேய்த்து நீராட்டும் பணி, முன்பு பாட்டிமார் செய்தது. கூட்டுக் குடும்பம் குறைந்த இந்நாளில் நகரத்தார் இதற்கு ஆள் தேடுகின்றனர்.

நான்காவது விளையாட்டுத் துறை. ஓடுவோர், மல்லர், பந்தாட்டக்காரர் தசைகளைப் பேணுவதற்குப் பயிற்சி முகாம்களில் மசாஜ் வல்லுநரை ஒப்பந்தத்தில் அமர்த்துகின்றனர். காரியவட்டத்தில் 1985-இல் தோன்றிய இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி நமக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளது.

ஐந்தாவது அயல்நாடு. இங்கே எச்சரிக்கை தேவை. பத்தாம் வகுப்புத் தேறாதவர் கடவுச்சீட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை விழும். வளைகுடா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர்கள் தனி அனுமதி பெற வேண்டும். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது. சுற்றுலா விசாவில் போய்ச் சேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவனை நம்பாதீர்கள். பெண் பிள்ளைகள் செல்வதானால் வேலையிடத்தின் பெயரும் முகவரியும் வீட்டில் இருத்தல் வேண்டும். கேரள அரசின் நோர்க்கா, ஒடெபெக் ஆகிய நிறுவனங்களில் விசாரித்தபின் அடியெடுத்து வையுங்கள்.

வைத்தியராகவே ஆக விரும்புவோர் நீட் தேர்வு எழுதி ஐந்தரை ஆண்டுச் சித்த மருத்துவப் பட்டம் படிக்க வேண்டும். முஞ்சிறையிலும், போத்தன்கோட்டிலும், 1964-இல் தோன்றிய பாளையங்கோட்டைக் கல்லூரியிலும் அப்படிப்பு உண்டு. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மத்திலும் மேற்படிப்பு உள்ளது. 2024-இல் அந்நிறுவனம் ஒரே நேரத்தில் 567 பேருக்கு வர்ம சிகிச்சை அளித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. நம் கொல்லைப்புறத்துக் கலைக்குக் கிடைத்த சிறப்பு இது.

எந்த வழியில் சென்றாலும் ஓர் ஒழுக்கம் வேண்டும்: எங்கே தடவக்கூடாது என்று அறிதல். காய்ச்சல் உள்ளவனை, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கியவனை, எலும்பு முறிந்தவனை மருத்துவர் காணுமுன் தொடலாகாது. கையை அடக்கத் தெரிந்தவனே தேர்ந்தவன்.

இத்தொழிலிலும் நம் தமிழ் இருக்கிறது. வர்ம ஏடுகள் தமிழில் உள்ளன. புள்ளிகளின் பெயர்கள் தமிழில் உள்ளன. தமிழ் எழுத்தறியாத பேரனுக்குப் பாட்டனாரின் ஏடு வெறும் ஓலையே. அவன் விடுதியில் வேலை பார்ப்பான்; ஆனால் தன் வீட்டுக் கல்வியை இழப்பான்.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துங்கள். தெரபிஸ்ட் படிப்பு, தேர்வாணைய அறிவிப்புகளை நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு வைத்து, முதிய ஆசான் ஒருவரை அழைத்து ஏடு படிக்கச் சொல்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ இத்தொழிலை விரும்பினால் தடுக்காதீர்கள். சான்று பெற்று வா என்று அனுப்புங்கள்.

உழைக்கும் கை உயர்க! தமிழ் வாழ்க!